பூட்டிய மென்பொருளும் திருப்புளியும்

பென் டிரைவை ஒலிப்பதிவாளர் கையில்கூட வாங்கவில்லை.

"பையில வைங்க சார். இங்க அதைச் சொருக முடியாது."

"சின்ன ப்ரோக்ராம்தாங்க. அக்கா குரலுக்காக நானே எழுதினது. உங்க சாஃப்ட்வேர்ல ஒரு ஓரமா உட்கார்ந்துக்கும்."

"உட்காராது. கம்பெனி கையெழுத்துப் போட்ட ப்ளகினை, அதாவது துணை ப்ரோக்ராமை மட்டும்தான் இது திறக்கும். நீங்க எழுதினது இதுக்குள்ள ஓடணும்னா, அவங்ககிட்ட பேரைப் பதிஞ்சு, ஒப்பந்தம் போட்டு, எழுதினதை அனுப்பி, அவங்க பார்த்துட்டு ஒரு சாவி தரணும். எப்படியும் மூணு மாசம் ஆகும். உங்க பதிவு நாளை மறுநாள், இல்லையா?"

திருப்புளிக்கு முகத்தில் ஈயாடவில்லை.

திருப்புளி என்பது வீட்டில் விழுந்த பெயர். நான்கு வயதில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றியவன். ஏழு வயதில் தையல் எந்திரத்தைக் கழற்றினான். மறுபடி மாட்டியதும் அவன்தான், இரண்டு திருகாணிகளை மிச்சம் வைத்து. இப்போது முப்பத்தாறு வயது. பஸ்ஸில் டிக்கெட் அடிக்கும் கையடக்க எந்திரங்களுக்கு நிரல் எழுதுகிற உத்தியோகம். மூடி என்று ஒன்று இருந்துவிட்டால் அதைத் திறந்து பார்க்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவனிடம் போய், இதைத் திறக்க முடியாது என்று ஒருவர் சொல்லிவிட்டார்.

"அப்போ என் கம்ப்யூட்டரையே கொண்டு வரட்டுமா? ஒரு வயர் கொடுத்தா போதும்."

"வெளி மெஷினை இங்க இணைக்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல எழுதியே ஒட்டியிருக்காங்க. அப்படி என்ன சார் பண்ணும் உங்க ப்ரோக்ராம்?"

"மூச்சுச் சத்தத்தைக் குறைக்கும்," என்றான் திருப்புளி. பொய் அவன் வாயில் அவ்வளவு சரளமாக வந்தது, நான்கு வருஷப் பழக்கம்.

உண்மை இதுதான். நான்கு வருஷத்துக்கு முன் அக்காவுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கட்டி போனது, கூடவே குரலும் ஏதோ ஆயிற்று. பேசினால் தெரியாது. பாடினால், மேலே போகிற இடத்தில் சுருதி ஒரு நூல் இறங்கி நிற்கும். திரும்பி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்று கையை விரித்துவிட்டார் டாக்டர். அக்கா பகலில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். சனி, ஞாயிறுகளில் அக்காவும் தம்பியும் மாடியறையில் உட்கார்ந்து குழந்தைகளுக்கான பாட்டுகளைப் பதிவு செய்வார்கள்: எண்கள் பாட்டு, மாதங்கள் பாட்டு, பல் தேய்க்கும் பாட்டு. முதல் குரல் அக்கா, இரண்டாம் குரல் தம்பி. அவள் வாழ்க்கையில் சந்தோஷம் என்று எதையாவது சொல்லலாம் என்றால் அந்த இரண்டு நாள்தான். ஆபரேஷனுக்கு அப்புறம் அவள் பாடிய முதல் வரியைத் திருப்புளி கேட்டான். அவனுக்கு நெஞ்சு பகீரென்றது. அவள் அதைக் கேட்டுவிடக் கூடாது என்று மட்டும்தான் அந்த நிமிஷம் தோன்றியது.

அவர்கள் வீட்டில் இருந்தது திறமூல மென்பொருள். யாருடைய சொத்தும் இல்லை. உள்ளே எழுதியிருப்பதை எவரும் படிக்கலாம், மாற்றலாம், சேர்க்கலாம். சும்மா சொல்லக் கூடாது, அதனால் அவன் பட்ட பாடும் கொஞ்சநஞ்சமல்ல. மைக்கைக் கண்டுபிடிக்கவே அதற்கு ஒரு வாரம் பிடித்தது. பாட்டின் உச்சத்தில் பொசுக்கென்று மூடிக்கொள்ளும். ஆனால் என்ன கேட்டாலும் முடியாது என்று சொல்லாது. திருப்புளி இரண்டே நாளில் அதற்குள் ஒரு சின்ன நிரலை எழுதிச் சேர்த்தான். அக்கா பாடுகிற ஸ்வரத்தைப் பிடித்து, சரியான இடத்துக்குத் தூக்கிவிட்டு, ஒரு பங்கைப் பதிவுக்கும் இன்னொரு பங்கை அவள் ஹெட்ஃபோனுக்கும் அனுப்பும். கண் இமைக்கிற நேரத்தில் நடந்துவிடும். ஃபைலுக்கு 'மூச்சுச் சத்தம் குறைப்பு' என்று பெயர் வைத்து, காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிட்டான். ஒரு வாரத்துக்குத்தான் என்று நினைத்தான்.

"டேய், குரல் திரும்பிடுச்சுடா!" என்று அக்கா ஹெட்ஃபோனோடு எழுந்து அழுதாள். அதற்கப்புறம் அதை எடுக்க எவனுக்கு மனசு வரும்? ஒரு வாரம் நான்கு வருஷமாகிவிட்டது. எதையும் கழற்றிப் பார்க்கிறவன், அந்த ஒரு ஃபைலை மட்டும் மறுபடி திறக்கவே இல்லை. வெட்கம்தான், வேறென்ன.

இப்போது பள்ளிக்கூடங்களுக்கு ஒலிபரப்பு செய்கிற நிறுவனம் ஒன்று இந்தப் பாட்டுகளைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டிருக்கிறது. பன்னிரண்டு பாட்டு, இரண்டு குரல், அவர்களுடைய ஸ்டூடியோவில், அவர்களுடைய மென்பொருளில். அக்கா அச்சகத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். நாளை மறுநாள் அவள் அந்தக் கண்ணாடி அறையில் நின்று, முன்பின் தெரியாத நான்கு பேர் முன்னால், தன் நிஜக் குரலை முதல்முறையாகக் கேட்கப் போகிறாள்.

"எங்க வீட்டு சாஃப்ட்வேரா இருந்தா இந்நேரம் உள்ளே போயிருப்பேன்," என்றான், ஆற்றாமையில்.

ஒலிப்பதிவாளர் கோபப்படவில்லை. "உள்ளே போய் என்ன சார் செய்யப் போறீங்க? எனக்கு வேண்டியது அத்தனையும் இதுல இருக்கு. கடையில வாங்கின ப்ளகினே முந்நூறு இருக்கு. ஆறு வருஷத்துல ஒரு தடவைகூட நடுவுல நின்னதில்ல. உங்களுது?"

திருப்புளி பென் டிரைவின் மூடியைத் திறந்து மூடினான். போன சனிக்கிழமைகூட மூன்று தடவை நின்றது.

"ஆனா ஒண்ணு," என்றார் அவரே. "எனக்கும் ஒரு ஆசை உண்டு. அந்த வால்யூம் பட்டையைக் கொஞ்சம் பெரிசாக்கணும். கண்ணு தெரியல. எட்டு தடவை எழுதிப் போட்டேன். உங்க யோசனைக்கு நன்றின்னு எட்டு தடவையும் பதில் வந்துச்சு."

வேறு சமயமாக இருந்தால் திருப்புளி இதை வைத்து ஒரு மணி நேரம் பேசியிருப்பான். இப்போது பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினான்.

அன்று மாலை அடுக்களை வாசலுக்கு மூன்று தடவை போய் வந்தான். முதல் தடவை தண்ணீர் குடித்தான். இரண்டாம் தடவையும் தண்ணீர் குடித்தான். மூன்றாம் தடவை, "அக்கா, அங்க ஹெட்ஃபோன் வேற மாதிரி இருக்கும். குரல் கொஞ்சம் வேற மாதிரி கேட்கும்," என்று ஆரம்பித்தான்.

"கேட்டா கேட்கட்டும்," என்றாள் அக்கா, பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே. அப்புறம் ஏனோ திரும்பி அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். "உனக்குத்தான் பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம்?" என்று சொல்லிவிட்டு நழுவினான். மறுநாளும் சொல்லவில்லை. சொல்லாமலே பதிவு நாள் வந்துவிட்டது.

காலை பத்து மணி. இசையமைப்பாளர் என்று வந்தவர் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு, ஐம்பது வயதுக்குரிய நிதானத்தோடு பேசுகிற பெண்மணி. முதலில் அக்காவைக் கண்ணாடி அறைக்குள் அனுப்பினார். இந்தப் பக்கம் திருப்புளி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். அக்கா ஹெட்ஃபோனை மாட்டினாள், தொண்டையைச் செருமினாள். தாளம் ஓடியது. திருப்புளி கண்ணை மூடிக்கொண்டான்.

அக்கா பாடினாள்.

திருப்புளி கண்ணைத் திறந்தான். சுருதி இம்மியும் பிசகவில்லை. மேலே போகிற இடம் வந்தது. போனாள், நின்றாள், சிரித்துக்கொண்டே இறங்கினாள். ஒலிப்பதிவாளரின் திரையில் ஒரு பச்சைக் கோடு அவள் சுருதி பிசகுகிறதா என்று வரைந்துகொண்டே போயிற்று. அது வேலிக் கம்பி போல நேராக இருந்தது.

"திருத்தம் ஏதாவது போட்டிருக்கீங்களா?" என்று கேட்டான்.

"ஒண்ணும் போடல சார். பச்சையா அப்படியே எடுக்கறேன். உங்க அக்காவுக்கு எதுக்குத் திருத்தம்?"

இசையமைப்பாளர் கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கினார். "ஒரே டேக்," என்றார். "இந்த அம்மா இத்தனை நாள் எங்கே இருந்தாங்க?"

சந்தோஷப்பட வேண்டிய இடம். திருப்புளிக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு வருஷமாக ஒவ்வொரு பாட்டுக்கும் யாராவது அக்காவைப் புகழும்போது, வாயைத் திறக்காமல் உள்ளுக்குள் ஒரு பங்கை அவன் எடுத்துக்கொண்டிருக்கிறான். என் கைவேலை, என் நிரல் என்று. அது இல்லாமலே அவள் இப்படிப் பாடுகிறாள் என்றால், அது இத்தனை நாள் என்னதான் செய்துகொண்டிருந்தது? உண்மையைச் சொன்னால், அவனுக்குக் கொஞ்சம் வலித்தது. வலித்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

"அடுத்து நீங்க வாங்க. இரண்டாம் குரல்," என்றார் இசையமைப்பாளர்.

அவன் உள்ளே போனான். அக்கா வெளியே வந்தாள். கதவருகே அவன் தோளை ஒரு தடவை அழுத்தினாள். எதற்கென்று அவனுக்குப் புரியவில்லை. ஹெட்ஃபோனை மாட்டினான். தாளம் வந்தது, அக்காவின் குரல் வந்தது, அவன் சேர்ந்துகொண்டான்.

இரண்டே வரி. கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான்.

"உங்க மெஷின்ல ஏதோ கோளாறு," என்றான் மைக்கில். "என் குரல் கீழே இறங்கிக் கேட்குது."

ஒலிப்பதிவாளர் எதையோ தட்டினார். "மறுபடி போங்க சார்."

மறுபடி போனான். யாரோ ஒரு ஆள், அவன் குரலை வைத்துக்கொண்டு, அவன் பாடுகிற அதே சொற்களை, சுருதிக்குக் கீழேயே இழுத்துக்கொண்டு வந்தான். ஸ்வரத்தின் படி வரைக்கும் வருவான், மேலே கால் வைக்க மாட்டான். கேட்கவே கூசியது.

"இதுக்குத்தான் பூட்டின சாஃப்ட்வேர் வேண்டாம்கிறது!" திருப்புளி வெடித்தான். "உள்ளே என்ன நடக்குதுன்னு யாருக்குமே தெரியாது. ஆறு வருஷமா நிக்கலன்னு சொன்னீங்களே, இப்போ பாருங்க, குரலையே மாத்திக்கிட்டு இருக்கு. நான் பாடறது வேற, எனக்குக் கேட்கறது வேற!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் பதிவானதை ஸ்பீக்கரில் ஓடவிட்டார். முதலில் அக்கா மட்டும், தெளிவாக இருந்தது. பிறகு அவன் மட்டும்.

"சார்," என்றார் மெதுவாக. "மெஷின் ஒண்ணும் பண்ணல. இது நீங்கதான்."

திருப்புளி பேயறைந்தவன் போல நின்றான். வெளியே ஒலிப்பதிவாளரும் இசையமைப்பாளரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆச்சரியப்படவே இல்லை. அதைக் கண்டதும்தான் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இசையமைப்பாளர் நல்ல மனுஷி. "தொண்டை கட்டியிருக்கும். இன்னைக்குப் பேசாம ரெஸ்ட் எடுங்க. நாளைக்குப் பத்து மணிக்கு இந்தப் பாட்டுல உங்க பகுதியை எடுத்துட்டு மத்த பாட்டுக்குப் போகலாம்," என்றார். கொஞ்சம் தயங்கி, "முடியலன்னா இன்னைக்கே சொல்லிடுங்க. இரண்டாம் குரலுக்கு வேற ஆளைப் பார்க்கணும்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

இருவரும் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து மாடியேறினார்கள். சுவரில் பழைய போர்வைகளை அடித்து, ஜன்னலில் மெத்தையைச் சாத்திய அறை. பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. கீழ்வீட்டில் மோட்டார் போட்டால் பதிவை நிறுத்த வேண்டும். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவனைக் கேட்காமலே கம்ப்யூட்டரை முடுக்கி, நேராக அந்த ஃபைலுக்குப் போனாள். திறந்தாள்.

"படி," என்றாள்.

அவன் எழுதியதுதான். எல்லாருக்கும் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வரிக்கு மேலும் தமிழில் குறிப்பு எழுதுவது அவன் வழக்கம்; அந்த நல்ல பழக்கத்தை இந்தத் திருட்டு வேலையிலும் விடவில்லை. 'காதுக்குப் போவது' என்ற குறிப்பின் கீழ் இருந்த வரி, ஓடாதபடி அடைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு தேதி. 'மெய்ப்பு பார்த்தது: அக்கா.'

தேதி, அவன் அந்த நிரலை எழுதி மூன்றாவது வாரம்.

"எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றான் திருப்புளி.

"மெனுவை எல்லாம் தமிழ்ல மாத்திக் கொடுன்னு நீதானே கேட்டே. இது நம்ம சாஃப்ட்வேர், எந்த ஃபைலை வேணும்னாலும் திற, ஒருத்தரும் தடுக்க மாட்டாங்கன்னு அவ்வளவு பீத்திக்கிட்டே. திறந்தேன். ஒரு ஃபைல் விடாம படிச்சேன். அதுதானேடா என் வேலை." அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "உன் குறிப்பு நல்லா தெளிவா இருந்துச்சு. 'சுருதி இறங்கினால் தூக்கிவிடு.' யார் சுருதின்னு புரிஞ்சுக்க எனக்கு ஒரு நாள் ஆச்சு."

திருப்புளி போர்வை அடித்த சுவரில் சாய்ந்தான்.

"காதுக்குப் போறதை மட்டும் அன்னைக்கே அடைச்சுட்டேன். பதிவுக்குப் போறதை விட்டுவெச்சேன். இல்லேன்னா உனக்குத் தெரிஞ்சிடும், நீ உடைஞ்சு போயிடுவே. நீ கேட்டதெல்லாம் திருத்தின குரல். நான் கேட்டது என் சொந்தக் குரல்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பாடிப் பாடி ஏத்தினேன். ஏறினப்புறம் பதிவுக்கும் வேண்டாம்னு எடுக்க வந்தேன். அப்பதான், காது தீட்டி வெச்சிருந்தேன்ல, உன் குரல் இறங்கறது கேட்டுச்சு." அவள் விரல் திரையில் ஓரிடத்தைத் தொட்டது. ட்ராக் எண் ஒன்று என்று அவன் எழுதிய இடத்தில் இரண்டு என்று இருந்தது. அடைத்த வரிக்குக் கீழே அதே வரி இன்னொரு தடவை, அடைக்காமல் இருந்தது, இரண்டாம் ட்ராக்குக்கு. பக்கத்தில் மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதி, அதே 'மெய்ப்பு பார்த்தது: அக்கா.' ஓர் எண்ணை மாற்றி, ஒரு வரியைச் சேர்த்திருக்கிறாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த நிரல் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தது தம்பியை.

"மூணு வருஷமா!" அவன் கத்திவிட்டான். "மூணு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல நீ! எப்படிக்கா மனசு வந்துச்சு? அத்தனை பேர் முன்னாடி..." அதற்கு மேல் அவன் வாய் தானாக மூடிக்கொண்டது. எதிரில் இருந்தவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பழிக்குத்தான்டா செஞ்சேன்," என்றாள் அக்கா. "பொய் சொல்லல. நீயும் கொஞ்ச நாள் இப்படி இரு, அப்புறம் சொல்லி உன் மூஞ்சி போற போக்கைப் பார்க்கலாம்னு நினைச்சேன். ஆனா நீ பாடிட்டு, 'இன்னைக்கு எனக்கும் சேர்ந்துடுச்சுக்கா'ன்னு துள்ளினே. எப்படிச் சொல்றது? இன்னைக்குக் காலையிலகூட சொல்லணும்னுதான் தோளைப் பிடிச்சேன். முடியல."

கீழ்வீட்டில் மோட்டார் ஓட ஆரம்பித்தது. கோபம் திருப்புளியைவிட்டுப் போய், அந்த இடத்தில் ஒரு கணக்கு வந்து உட்கார்ந்தது. இந்த அறைதான். இந்த நாற்காலிதான். இரண்டடி தூரத்தில் அவன் ஹெட்ஃபோனோடு குமிழ்களைத் திருகியபடி, சூப்பரா இருக்குக்கா என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அவள் காதில் விழுந்தது காலையில் அவன் கேட்டதைப் போன்ற ஒன்று. அவனால் இரண்டு வரி தாங்க முடியவில்லை.

"உனக்கு எவ்வளவு நாள் ஆச்சுக்கா, ஏத்தறதுக்கு?"

"பதினோரு மாசம்."

பதினோரு மாதம், வாரத்துக்கு இரண்டு நாள், சிரித்த முகத்தோடு. அவள் தனியாகத் தூக்கிச் சுமந்ததைத்தான் இவன் தன் கைவேலை என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டிருந்தான். அவனுக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை.

"அழாதே. நாளைக்கு வரைக்கும் நேரம் இருக்கு," என்றாள் அக்கா. "கஷ்டமான இடம் நாலுதான். அதை மட்டும் சாயங்காலத்துக்குள்ள பார்த்துடலாம். இல்ல, தொண்டை கட்டிக்கிச்சுன்னு நான் பேசறேன். அவங்க நம்புவாங்க."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். இசையமைப்பாளரை அழைத்தான். மணி அடித்தது.

"மேடம், நாளைக்கு நான் வரல. வேற ஆளைப் பார்த்துக்குங்க. அக்கா பாட்டு அப்படியே இருக்கட்டும், அது முழுக்க அவங்க குரல்தான்." மறுமுனையில் அவர் தொண்டையைப் பற்றி விசாரித்தார். "இல்ல மேடம், தொண்டை எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்குச் சுருதி நிக்கல. ரொம்ப நாளா நிக்கல. எனக்குத்தான் தெரியாம இருந்துச்சு."

அந்த வீட்டில் நான்கு வருஷமாக ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத வாக்கியம் அது. அக்கா நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுவிட்டாள். கை வாயைப் பொத்தியிருந்தது.

திருப்புளி போனை வைத்தான். ஃபைலின் பக்கம் குனிந்து, காதுக்குப் போகிற வரியை அடைத்தான். பதிவுக்குப் போகிற வரியையும் அடைத்தான். ஹெட்ஃபோனை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு மைக்கின் முன்னால் உட்கார்ந்தான்.

"முதல் பாட்டு போடுக்கா," என்றான்.